இருப்பதே நல்ல ஆணம்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் தோழர் ஜாபிர் (ரலி) அவர்களின் கரம்பற்றித் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வீட்டில் மூன்று ரொட்டிகள் இருந்தன. ஒன்றைத் தம் முன்னும், ஒன்றை ஜாபிர் முன்னும் வைத்து, மூன்றாவதை இரண்டாகப் பிட்டு ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று வினவினார்கள். சிறிது காடியைத் தவிர வேறொன்றும் இல்லையென வீட்டார் கூறினர். அதனையே கொண்டுவரச் செய்து, காடியைப் புகழ்ந்தவாறே உண்டார்கள். அன்று தொட்டுக் காடியின்மீது எமக்குத் தனி விருப்பம் உண்டாயிற்று என்று ஜாபிர் (ரலி) பின்னாளில் சொன்னதாக ‘முஸ்லிம்’ நூலில் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியில் வரும் ‘இதாம்’ என்ற அரபுச் சொல்லுக்கு நம் வீடுகளில் வழங்கும் ‘ஆணம்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் வேறில்லை. ரொட்டியோ சோறோ தனித்து இறங்காது. அதனை இறக்குவதற்குத் துணை வேண்டும். அந்தத் துணை இறைச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டளை எதுவும் இல்லை. வீட்டில் இருப்பது எதுவோ அதுவே ஆணம். அதனை முகமலர்ச்சியோடு உண்பதே மாண்பு. மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாக நாம் ஓதிக்கொடுத்து வரும் இப்பாடத்தின் உட்பொருளை, வட்டக்கானல் மலைச்சரிவில் ஓர் அடுப்பங்கரையில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை ஓதும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்த அடுப்பில் வெந்ததோ நம் நாட்டுச் சமையலன்று. இத்தாலி நாட்டுக் குடும்பங்களின் இராச் சாப்பாடு!

கொடைக்கானல் ஏரிக்கு அப்பால், சோலைக்காட்டு ஓரமாக, மூடுபனி ஏறியிறங்கும் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர் வட்டக்கானல். டால்ஃபின் மூக்குப் பாறைக்குச் செல்லும் ஒற்றையடிப்பாதை இவ்வூரின் வழியாகத்தான் இறங்குகிறது. வெளிநாட்டு இளைஞர்கள், அவர்களுள்ளும் குறிப்பாக இஸ்ரேலிலிருந்து படைப்பணி முடித்து வருவோர், இங்கு வந்து வாரக்கணக்கில் தங்குவர். அதனால் ‘குட்டி இஸ்ரேல்’ என்றொரு பட்டப்பெயரும் ஊருக்கு உண்டு. சிற்றுண்டிச் சாலைகளின் பலகைகளில் ஹீப்ரு எழுத்துகளைக் காணலாம். ஆனால் அவ்வெழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும் ஹும்முஸும் ஷக்‌ஷூக்காவும் அரபு மக்கள் நெடுங்காலமாக உண்டுவருபவை. பலஸ்தீனத்தின் துயரை நெஞ்சில் சுமந்திருக்கும் நமக்கு அதனைப் படிக்கையில் தோன்றும் எண்ணங்கள் பல. எனினும் வாசலில் நிற்பவன் பசித்தவன் என்பதற்கு மேல் அடுப்பு கேள்வி கேட்பதில்லை. அந்தப் பலகைகளில் ஹும்முஸுக்கு அடுத்தபடியாக இடம்பிடித்திருப்பவை இத்தாலியரின் பாஸ்தாவும் பீட்சாவும்.

நம் இளைய சகோதரியின் கணவர் அத்தகைய சாலை ஒன்றில் சமையற்காரர். 2020 மார்ச் மாதத்தில் அவர்களைக் கண்டுவர மலையேறிய நாம், அம்மாதம் 25ஆம் நாள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஊரடங்கினால் அங்கேயே தங்கிவிட நேர்ந்தது. பயணிகள் போயினர். சாலைகள் வெறிச்சோடின. கடைகளின் கதவுகள் அடைபட்டன. மச்சானுக்கு வரவேண்டிய இரண்டு மாதக் கூலியைப் பணமாகத் தர முதலாளியிடம் இல்லை. கிடங்கில் மிஞ்சியிருந்த சரக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். பதினொரு கிலோ மக்ரோனி, ஒரு டின் ஒலிவ எண்ணெய், இரண்டு கட்டி சீஸ், கொஞ்சம் கொண்டைக்கடலை, ஒரு புட்டி காடி: கூலி இவ்வளவே. அரசு அந்த ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்க்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் வழங்கியது. ஆனால் இவர்களுடைய அட்டையோ அடிவாரத்து ஊரில் இருந்தது. இறங்கிச் செல்ல வழியில்லை. நம் கையிலிருந்த சிறுதொகை வாடகைக்கும் தங்கையின் மருந்துக்கும் போயிற்று. வீட்டில் அரிசி மூன்று கிலோவுக்கு மேல் இல்லை. ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவ்வேளையில்தான் ஒருவர் ஐயாயிரம் ரூபாய் தர முன்வந்தார், வட்டிக்கு. மச்சான் இரண்டு நாட்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் நம்மிடம் வந்து, “மச்சான், நீங்க ஓதினவங்க. கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா புள்ளைங்களுக்கு எதைப் போட?” என்றார். வட்டி ஹராம் என்ற சட்டத்தைச் சொல்வது நமக்கு எளிது. பசித்த பிள்ளைகளைப் பெற்ற தகப்பனிடம் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோவது ஆலிமுக்கு அழகன்று. ஆகவே, “முதலில் வீட்டில் இருப்பதைக் கணக்கிடுவோம்” என்றோம்.

“இருக்கிறது மக்ரோனிதானே மச்சான்! ஊரான் காசு கொடுத்து வாங்கித் தின்ன தீனி. அதையா நோன்பு வச்ச புள்ளைக்குப் போடுறது?” என்று அவர் தலை குனிந்தார். தங்கைதான் குறுக்கிட்டாள்: “அண்ணே, இவர் அதை வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆக்குற மாதிரி எனக்குச் சொல்லித்தர வேணாம். இத்தாலியில ஒரு உம்மா தன் புள்ளைக்கு எப்படி ஆக்குவா, அதைச் சொல்லச் சொல்லுங்க.”

அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உணவுச்சாலைகளில் பாலேடு மிதக்கப் பரிமாறப்படும் பாஸ்தா வேறு. இத்தாலியக் குடியானவர் வீட்டு உணவு வேறு. அந்நாட்டார் ஏழைச் சமையல் என்றே ஒரு மரபைப் போற்றி வைத்துள்ளனர். பழைய ரொட்டியைக் காயோடும் பயறோடும் மறுபடி காய்ச்சி உண்பர். அதற்கு ‘மறுகொதி’ என்றே பொருள்படும் பெயர் உண்டு. பயறும் மக்ரோனியும் சேர்ந்த கஞ்சி வடக்கிலிருந்து தெற்குவரை வீட்டுக்கு வீடு உண்டு. சீஸ் வாங்க இயலாத தென்னாட்டார் காய்ந்த ரொட்டியைப் பொடித்து, எண்ணெயிலும் பூண்டிலும் வறுத்து, அதனை மேலே தூவிக்கொள்வர். பூண்டும் எண்ணெயும் மட்டுமே கொண்ட பாஸ்தா நேப்பிள்ஸ் நகரின் புகழ்பெற்ற உணவு. இவையெல்லாம் கடைக்குப் போய்ப் பட்டியலிட்டு வாங்கிய சமையலல்ல. பானையைத் திறந்து பார்த்து ஆக்கிய சமையல்.

மச்சான் தமக்குத் தெரிந்தவற்றைச் சொல்லச் சொல்ல, நமக்கு நினைவுக்கு வந்தது ஓர் அரபு நூல். சிசிலித் தீவை 827ஆம் ஆண்டில் முஸ்லிம்கள் தொட்டனர். 831இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. 1091இல் அங்கு முஸ்லிம் ஆட்சி முற்றாக முடிந்தபின்னும் அரபு அறிவு அத்தீவில் வாழ்ந்தது. கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்துகொண்டு, புவியியலறிஞர் அல் இத்ரீஸி 1154இல் தம் ‘நுஸ்ஹத்துல் முஷ்தாக்’ என்ற பெருநூலை முடித்தார். பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரிய்யா’ ஏராளமாகச் செய்யப்படுவதையும், அது கப்பல் கப்பலாகக் கலாப்ரியாவுக்கும் முஸ்லிம், கிறித்தவ நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதையும் அந்நூல் தெரிவிக்கிறது. இத்ரிய்யா என்பது மாவைப் பிசைந்து நூலாக இழுத்துக் காயவைத்த உணவு. கெடாமல் நெடுநாள் கிடப்பது. கப்பலிலும் கிடங்கிலும் ஏற்றது.

மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்றொரு கதை உலகெங்கும் உலவுகிறது. அவர் பிறந்ததே 1254இல். இத்ரீஸியின் நூல் முடிந்து முழுதாக நூறாண்டுகள் கழிந்த பின்னர். அந்த வெனிஸ் நகரத்தார் நம் காயலைக் கண்டு, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கும் துறைமுகம் என வியந்து எழுதியவர் என்பது வேறு. நமக்கு அவர் மக்ரோனி தரவில்லை. நம் துறைமுகத்துக்குச் சான்று தந்தார். அதுவே போதும். இத்தாலி தமிழுக்குத் தந்த வீரமாமுனிவரையும் இங்கு நினைக்கலாம். ‘சதுரகராதி’யைத் தந்த கையும் கோதுமை மாவு பிசையும் நாட்டில் பிறந்த கையே.

இத்ரிய்யா என்ற அச்சொல் இன்றும் செத்துவிடவில்லை. இத்தாலியின் குதிகாலாகிய புலியா மாநிலத்தின் தென்கோடியில் ‘சீச்சரி ஏ திரியா’ என்றோர் உணவு உண்டு. சீச்சரி என்பது கொண்டைக்கடலை. திரியா என்பது நம் இத்ரிய்யா. எலுமிச்சைக்கு இத்தாலியர் ‘லிமோனே’ என்பர்; அரபில் ‘லைமூன்’. சர்க்கரைக்கு ‘சுக்கேரோ’, அரபில் ‘சுக்கர்’. குங்குமப்பூவுக்கு ‘ஸஃபரானோ’, அரபில் ‘ஸஃபரான்’. இவற்றை நாம் சொல்லக் கேட்ட மச்சானின் முகம் சற்றே நிமிர்ந்தது. “அப்ப இது ஊரான் தீனி இல்லை, மச்சான்” என்றார். எந்த உணவும் எவனுக்கும் முழுச் சொந்தமில்லை என்றோம். இத்தாலியரின் தக்காளியும் நம் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் கடல்கடந்து வந்தவை. அவை இல்லாத அவர்கள் சமையலையோ, நம் சமையலையோ இன்று எண்ணிப்பார்க்க முடிகிறதா?

ஏப்ரல் 25ஆம் நாள் முதல் நோன்பு. அன்றிரவு அவ்வீட்டில் வெந்தது அந்தக் கொண்டைக்கடலைத் திரியாதான். தங்கை அதனைச் செய்த விதத்தை வாசகர்களாகிய தாய்மார்கள் அறிந்துகொள்வது நலம். முதல்நாள் இரவே கடலையை உப்புநீரில் ஊறப்போட்டாள். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் தண்ணீர் 93 பாகை சூட்டிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு எரித்தாலும் சூடு ஏறாது. ஆகவே திறந்த பானையில் கடலை மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும். குக்கரின் அடைபட்ட ஆவியே அங்கு கைகொடுக்கும். வெந்த கடலையில் பாதியை மசித்தாள். ஒலிவ எண்ணெயில் மலைப்பூண்டைத் தட்டிப்போட்டுப் பொன்னிறமாகச் சிவக்கவிட்டு, இரண்டு தக்காளியும் வேலியோரத்து ரோஸ்மேரிக் கொத்தும் சேர்த்தாள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சிறிய பல், காரமான மணம், நீண்ட நாள் தாங்கும் குணம். கடலையும் கடலை வெந்த நீரும் அதில் இறங்கின. மக்ரோனி அந்தச் சாற்றிலேயே வெந்தது. மீந்திருந்த கோதுமை மாவைச் சப்பாத்தியாகத் தேய்த்து, நாடாவாக அறுத்து, எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து மேலே தூவினாள். புலியா நாட்டாரும் ஒரு பங்கைப் பொரித்தே சேர்ப்பர். இறைச்சி இல்லாத வீட்டில் பல்லுக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

எரிவாயு உருளை தீர்ந்தால் மாற்றுக்கு வழியில்லை என்பதால் அடுப்பைச் சிக்கனமாக எரிக்க வேண்டியிருந்தது. மக்ரோனியை அஸருக்கே பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிடுவாள். மஃரிபுக்குப் பின் ஓரிரு கொதியில் வெந்துவிடும். சில நாட்களில் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மூடிய பானையைக் கம்பளியால் போர்த்தி வைப்பாள். 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற இத்தாலிய அறிஞர் ஜார்ஜோ பரீசி, மறு ஆண்டில் எரிபொருள் விலை ஏறியபோது, கொதித்தபின் அடுப்பைத் தணித்து மூடியின் சூட்டிலேயே பாஸ்தாவை வேகவைக்கும் முறையைத் தம் நாட்டாருக்கு எடுத்துரைத்தபோது அங்குப் பெரும் விவாதம் எழுந்தது. நாம் சிரித்துக்கொண்டோம். பட்டம் ஏதும் பெறாத நம் தங்கை இரண்டாண்டுகளுக்கு முன்பே அதனைச் செய்து முடித்திருந்தாள். மக்ரோனி வெந்த நீரையும் அவள் கொட்டுவதில்லை. வடிகஞ்சியின் அருமை அறிந்த வீட்டில் பிறந்தவள். அந்த மாவுநீரே ஆணத்தைக் கெட்டிப்படுத்தி மக்ரோனியோடு ஒட்டவைக்கும்.

சீஸ் கட்டிகளைப் பற்றி மச்சான் ஐயம் எழுப்பினார். பாலை உறையவைக்க இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைப் பயன்படுத்துவது ஐரோப்பிய மரபு. இத்தாலியின் பார்மிஜானோ இன்றும் அவ்வாறே செய்யப்படுகிறது. அரபில் இது ‘இன்ஃபஹா’. முறைப்படி அறுக்கப்படாத கன்றின் இன்ஃபஹாவும் தூய்மையானதே என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு. ஷாபிஈ மத்ஹபிலோ, பாலை மட்டுமே அருந்திய, முறைப்படி அறுக்கப்பட்ட கன்றினுடையதாக இருந்தால்தான் தூய்மை. தபூக் பயணத்தில் பெருமானாரிடம் (ஸல்) சீஸ் கொண்டுவரப்பட்டபோது, கத்தியை வரவழைத்து, இறைநாமம் மொழிந்து அறுத்தார்கள் என்ற செய்தி ‘அபூதாவூத்’ நூலில் உள்ளது. இத்தனையும் சொல்லிவிட்டுக் கட்டியின் உறையைத் திருப்பிப் பார்த்தோம். பச்சைப் புள்ளி இருந்தது. நம் நாட்டு விதிப்படி விலங்கின் உறைபொருள் சேர்ந்த சீஸுக்கு அப்புள்ளி கிடையாது. இரண்டு மத்ஹபினருக்கும் கவலை தீர்ந்தது. இத்தாலியர் திராட்சை மதுவை ஊற்றும் இடங்களில் தங்கை எலுமிச்சையைப் பிழிந்தாள். பன்றிக்கொழுப்புச் சேரும் இடத்தில் பொரித்த பூண்டு நின்றது. ருசியில் ஒரு குறையும் இல்லை.

நோன்பு நான்காம் நாள் மாலை, பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவர் வேலிக்கு அப்பால் நின்று அழைத்தார். “பாய், பட்டர் பீன்ஸு ஒரு மூட்டை கிடக்கு. லாரி ஏத்த வரலை. அழுகிப்போறதுக்கு நீங்க எடுத்துக்கிட்டா என்ன?” அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருவர், அவர்களுக்குப் பீன்ஸைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது கேளாமலே தெரிந்தது. கொஞ்சம் உருளைக்கிழங்கும் தந்தார். அன்று தொட்டு மஃரிபுக்குப் பின் ஒரு தூக்குச்சட்டி வேலியைக் கடந்து அப்பக்கம் சென்றது. ஆணம் காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) இட்ட பணியை அறியாத முஸ்லிம் இல்லை. நீர் கூடினால் சுவை குறையுமே என்போருக்குப் பயறு விடை சொல்கிறது. மசித்த பீன்ஸ் எவ்வளவு நீரையும் தாங்கிக் கெட்டிப்படும்.

நாம் ஒரு தாளில் கணக்கு எழுதினோம். ஆறு பேருக்கு இரவுக்கு அரைக்கிலோ மக்ரோனி என்றால் பதினொரு கிலோ இருபத்திரண்டு இரவுகளுக்கு வரும். மீதி எட்டு இரவுகளுக்கு உருளைக்கிழங்கு. வேகவைத்து மசித்த கிழங்கு ஒரு கிலோவுக்குக் கால் கிலோ மாவு சேர்த்து உருட்டி, கொதிநீரில் போட்டு, மிதந்ததும் அரித்தெடுப்பது இத்தாலியரின் ‘நொக்கி’. அதனைக் கண்டதும் பிள்ளைகள், “மாமு, இது நம்ம தக்கடிதானே!” என்று கூவினர். அரிசி மாவுக்குப் பதில் கிழங்கு, அவ்வளவே வேறுபாடு. மூன்று கிலோ அரிசி நோன்புக் கஞ்சிக்கென ஒதுக்கப்பட்டு, நாளுக்கு ஒரு கைப்பிடியாக மாதம் முழுதும் நின்றது. ஊரில் எவரும் வெளியே கூட முடியாத அந்த ரமளானில், அறுவரும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டோம்.

இரண்டாம் வாரத்தில் மச்சான், ஐயாயிரம் தருவதாகச் சொன்னவருக்கு வேண்டாமெனச் சொல்லியனுப்பினார். அதனை நம்மிடம் தெரிவித்தபோது அவர் குரலில் வீறாப்பு ஒன்றும் இல்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி, உப்பு போதுமா என்று கேட்பவர்போல் சொன்னார். மே 25இல் பெருநாள் வந்தது. புத்தாடை இல்லை. சேமியா இல்லாத குறைக்கு, ஒதுக்கி வைத்திருந்த ஒரு பிடி மக்ரோனியைப் பாலில் வேகவைத்துச் சர்க்கரையும் ஏலமும் சேர்த்துப் பாயசம் காய்ச்சினர். அந்த வீட்டார் ஒருவருக்கும் ஒரு காசு வட்டிக் கடன்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பயணிகளுக்கு மலை திறந்தபின் மச்சானுக்கு வேலை திரும்பியது. அவர் சமைக்கும் பலகையில் இப்போது கொண்டைக்கடலைத் திரியாவும் உண்டு என்று கேள்வி.

இதனை எழுதுவது, நம் இல்லங்களில் இத்தாலியச் சமையல் பெருக வேண்டும் என்பதற்காகவன்று. நம் பிள்ளைகள் இன்று அவ்வுணவை விரும்புகின்றனர், விரும்பட்டும். அதற்காக விலையுயர்ந்த பொட்டலங்களையும் புட்டிகளையும் தேடி அலைவதும், மாதக் கடைசியில் கடன் சொல்லி வாங்குவதும் தேவையில்லை. நூறு கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை என்ற அளவில் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்து, மெல்லத் தேய்த்து நாடாவாக அறுத்தால் அதுவே வட இத்தாலியர் வீட்டுப் பாஸ்தா. சப்பாத்திக் கட்டை உள்ள எந்த வீட்டிலும் அது உண்டு. ஒலிவ எண்ணெய் பரக்கத்தான மரத்தினுடையது என்பது உண்மையே. அது இல்லாத வீட்டுக்குக் கடலை எண்ணெய் போதும். சீஸ் இல்லையேல் பழைய பன்னைப் பொடித்து வறுத்துக்கொள்ளலாம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னர் மூன்றை மட்டும் கேளுங்கள்: மாவுப்பண்டம் எது இருக்கிறது? பயறு எது இருக்கிறது? மணத்துக்கு எது இருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை இல்லாத வீடு அரிது.

பெருமானார் (ஸல்) எந்த உணவையும் ஒருபோதும் குறைகூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிடில் விட்டுவிட்டார்கள். நாமோ நிறைந்த அலமாரியின் முன் நின்றுகொண்டு ஒன்றுமில்லை என்கிறோம். அலமாரியைத் திறந்து, இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி எண்ணிப்பாருங்கள். அந்த எண்ணிக்கையும் ஒருவகை ஷுக்ருதான்.